17,695 பாட்டுகள்: பி.சுசீலாவை வரிசையாகக் கேட்டால் என்ன தெரியும்?

முதலில் ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஒரு பாடகி 17,695 பாட்டுகள் பாடியிருக்கிறார். ஒரு பாட்டுக்குச் சராசரியாக மூன்றரை நிமிடம். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

கிட்டத்தட்ட 61,900 நிமிடம். அதாவது 1,032 மணி நேரம். சாப்பாடு, தூக்கம் எல்லாம் விட்டுவிட்டு உட்கார்ந்தால் 43 நாள். அப்படி முடியாது, தினமும் சாயங்காலம் பத்துப் பாட்டு கேட்கிறேன் என்றால் நான்கு வருடம் பத்து மாதம். கல்லூரியில் சேர்ந்த அன்று ஆரம்பித்தால் மூன்று வருடப் பட்டம் வாங்கி, மேற்படிப்பும் முடியப்போகும் நேரத்தில்தான் கடைசிப் பாட்டு வரும்!

அந்தப் பாடகி பி.சுசீலா. 17,695 என்பது 2016ஆம் ஆண்டு கின்னஸ் புத்தகம் அவருக்குக் கொடுத்த எண். தனிப்பாட்டு, ஜோடிப்பாட்டு, கோரஸோடு பாடியது எல்லாம் சேர்த்து, ஆறு இந்திய மொழிகளுக்கு மேல், 1960களிலிருந்து பாடியவை என்று அந்தச் சான்று சொல்கிறது. கவனித்தீர்களா? 1960களிலிருந்து! ஆனால் அவர் சினிமாவுக்குப் பாட வந்தது 1950களின் ஆரம்பத்தில். அப்படியானால் முன்னால் பாடியவை?

இந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நமக்கு மிகவும் தெரிந்த ஒரு குரல். டீக்கடை, பஸ், கல்யாண மண்டபம் என்று எங்கே போனாலும் காதில் விழுகிற குரல். அந்தக் குரல் மொத்தம் எத்தனை பாட்டு பாடியது என்று சொல்வதற்கு ஏன் இவ்வளவு சிரமம்? அதைத் தேடிப் போனால் தமிழ் சினிமாப் பாட்டின் சரித்திரமே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது.

பெரிய எண்களின் கதை

சுசீலாவுக்கு முன்னாலேயே கின்னஸ் புத்தகத்தில் நம் நாட்டுப் பாடகர்கள் இருந்தார்கள். 1974ஆம் ஆண்டுப் பதிப்பில் லதா மங்கேஷ்கர் பெயர் வந்தது. 1948 முதல் 1974 வரை 25,000 பாட்டுகளுக்குக் குறையாமல் பாடியவர் என்று போட்டிருந்தார்கள். முகமது ரஃபி இதை ஒப்புக்கொள்ளவில்லை. நான் அதைவிட அதிகம் பாடியிருக்கிறேன் என்று எழுதிப் போட்டார். அவர் தரப்பில் சொன்ன எண் 28,000. ரஃபி 1980ல் காலமானார். அதற்குப் பிறகு வந்த பதிப்பில் லதாவின் பெயரோடு ரஃபியின் கோரிக்கையையும் சேர்த்து அச்சிட்டார்கள். கடைசியில் 1991 வாக்கில் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள்.

ஏன் எடுத்தார்கள் என்று யோசித்தால், இந்த இடைப்பட்ட காலத்தில் யாரோ உட்கார்ந்து எண்ண ஆரம்பித்திருந்தார்கள் என்பது தெரிகிறது. கான்பூரைச் சேர்ந்த ஹர் மந்திர் சிங் 'ஹம்ராஸ்' என்பவர் இந்திப் படப் பாட்டுகளைப் பத்து ஆண்டுக்கு ஒரு தொகுதி என்று பட்டியல் போட்டுப் புத்தகமாக வெளியிட்டார். படம் படமாக, பாட்டு பாட்டாக. அப்படிப் பொறுமையாக எண்ணியபோது லதா பாடிய இந்திப் படப் பாட்டுகள் சுமார் 5,000 என்றுதான் வந்தது. ரஃபியின் இந்திப் படப் பாட்டுகளும் 5,000க்குள் அடங்கிவிட்டன. 25,000 எங்கே, 5,000 எங்கே!

யாரும் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. தினமும் ஸ்டுடியோவுக்குப் போய்ப் பாடிவிட்டு வருகிறவர்களுக்குக் கணக்கு எப்படித் தெரியும்? பத்திரிகையில் ஒருவர் குத்துமதிப்பாக ஒரு எண் எழுதுவார். அடுத்தவர் அதைவிடக் கொஞ்சம் கூட்டி எழுதுவார். பத்து வருடத்தில் அது உண்மையாகிவிடும்.

2011ல் கின்னஸ் ஆஷா போஸ்லேயின் பெயரைச் சேர்த்தது. அப்போது கொடுத்த எண் 11,000. ஐந்து வருடம் கழித்து 2016ல் சுசீலாவின் 17,695. இந்த எண்ணைப் பாருங்கள். உருண்டையாக இல்லை. 25,000, 28,000 என்று பூஜ்யங்களோடு முடியாமல் 695 என்று முடிகிறது. யாரோ ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியிருக்கிறார்கள் என்பதற்கு அந்தக் கடைசி 5 ஒரு அடையாளம். எண்ணியவர்கள் பெரிய கம்பெனிக்காரர்கள் அல்ல. பல ஆண்டுகளாக அவருடைய பாட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருந்த ரசிகர்கள்.

ஔவையார் 59

இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரி ஒருத்தியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தருமபுரிக்குப் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். அவனுடைய நண்பராக இருந்து பாடியவர் ஔவையார். நெல்லிக்கனிக் கதை ஒன்றாம் வகுப்பிலேயே எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஔவையார் பாடிய பாட்டுகள் எத்தனை? தமிழ் படிக்கிற மாணவன் யாரைக் கேட்டாலும் பதில் வரும். 59. புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. அவ்வளவுதான். ஏறத்தாழ இரண்டாயிரம் வருடத்துக்கு முன் பாடியவருக்குக் கணக்கு சரியாக இருக்கிறது. எழுபது வருடத்துக்கு முன் மைக் முன்னால் நின்று பாடியவருக்குக் கணக்கு இல்லை!

காரணம் எளிது. அந்தப் பாட்டுகளை யாரோ தொகுத்தார்கள். தொகுத்தவர்கள் பாட்டை மட்டும் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு புறப்பாட்டின் அடியிலும் திணை என்ன, துறை என்ன, யாரை யார் பாடியது என்று குறிப்பு போட்டார்கள். அந்த ஒன்றிரண்டு வரி இல்லாவிட்டால் அஞ்சி யார், ஔவை யார் என்று நமக்குத் தெரிந்திருக்காது. 1894ல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டபோது பாட்டோடு இந்தக் குறிப்புகளும் நமக்கு வந்து சேர்ந்தன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இன்னொன்று. புறநானூற்றில் 267, 268 என்ற இரண்டு பாட்டுகள் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பது நமக்கு எப்படித் தெரியும்? வரிசை எண் இருப்பதால் தெரியும்! பட்டியல் என்பது இருப்பதைச் சொல்வதோடு, தொலைந்தது எது என்பதையும் சொல்லும். பட்டியலே இல்லையென்றால் தொலைந்ததுகூடத் தெரியாமல் தொலைந்துபோகும்.

குறிப்பு இல்லாமல் போன பாட்டுகளும் சங்க இலக்கியத்தில் உண்டு. பாடியவர் பெயர் தெரியாத பாட்டுகள் நூறுக்கும் மேல். சில புலவர்களுக்குச் சொந்தப் பெயர் போய், அவர்கள் பாட்டில் வந்த உவமையே பெயராக நின்றுவிட்டது. செம்புலப்பெயனீரார் அப்படி ஒருவர். இதே மாதிரி ஒரு கூத்து சினிமாவிலும் நடந்திருக்கிறது. 1949ல் 'மஹல்' என்ற இந்திப் படம் வந்தது. அதன் இசைத்தட்டில் பாடியவர் பெயர் 'காமினி' என்று போட்டிருந்தது. காமினி என்பது படத்தில் கதாநாயகியின் பெயர்! பாடியவர் லதா மங்கேஷ்கர். வானொலியில் பாட்டைக் கேட்டவர்கள் யார் பாடியது என்று விசாரிக்க ஆரம்பித்த பிறகுதான் உண்மையான பெயர் வெளியே வந்தது. பின்னணி பாடுகிறவர்களின் பெயரை இசைத்தட்டில் போட வேண்டும் என்பதே அந்தக் காலத்தில் கேட்டு வாங்க வேண்டிய உரிமையாக இருந்தது.

வரிசையாகக் கேட்பது

சரி, விஷயத்துக்கு வருவோம். எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவில் சுசீலா பாடிய பாட்டுகள் மட்டும் வைத்து மெல்லிசைக் கச்சேரி என்று அறிவித்திருந்தார்கள். வருவது ஒரு மெல்லிசைக் குழு. கச்சேரிக்கு முன்னால் அவருடைய பாட்டுகளை ஆரம்பத்திலிருந்து ஆண்டு வரிசைப்படி கேட்டுவிடலாம் என்று நண்பர்கள் நான்கு பேர் முடிவு செய்தோம். 17,695ம் ஆகாது என்று தெரியும். ஆண்டுக்கு இரண்டு மூன்று படம் என்று பொறுக்கி எடுத்துக்கொண்டோம்.

எங்களில் ஒருவன் வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். இன்னொருவன் வீட்டில் கன்னடம். மற்ற இருவருக்கும் தமிழ். தருமபுரியில் இது அதிசயம் இல்லை. 1965ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான காலத்திலிருந்தே இது மூன்று மொழி புழங்குகிற எல்லை மாவட்டம். 2004ல் கிருஷ்ணகிரி தனியாகப் போன பிறகும் அப்படித்தான். இது எங்களுக்கு எவ்வளவு உதவியாக இருந்தது என்பது போகப் போகத்தான் புரிந்தது.

சுசீலா பிறந்தது 1935 நவம்பர் 13, ஆந்திராவில் விஜயநகரத்தில். அங்கே இருந்த மகாராஜா இசைக் கல்லூரியில் முறையாகச் சங்கீதம் படித்தார். பிறகு சென்னை. வானொலியில் பாடிக்கொண்டிருந்தவரை இசையமைப்பாளர் பெண்டியாலா நாகேஸ்வர ராவ் சினிமாவுக்குக் கூட்டிவந்தார். 1953ல் வந்த 'பெற்ற தாய்' படத்தில் ஏ.எம்.ராஜாவோடு சேர்ந்து பாடியதுதான் தமிழில் ஆரம்பம். அதே படம் தெலுங்கிலும் வந்தது. ஆக, முதல் நாளிலிருந்தே இரண்டு மொழி!

பிறகு ஏ.வி.எம். நிறுவனம் மாதச் சம்பளத்துக்கு அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது. தமிழ் உச்சரிப்பு சரியாக வர வேண்டும் என்று தமிழ் சொல்லிக்கொடுக்க ஒரு ஆசிரியரையும் ஏற்பாடு செய்தது. இன்றைக்கு ழகரத்துக்கும் றகரத்துக்கும் சுசீலாவை உதாரணம் சொல்கிறோம். அது பிறவியில் வந்த தமிழ் அல்ல, உட்கார்ந்து படித்த தமிழ். தமிழ்நாட்டிலேயே பிறந்த நம்மில் பலருக்கு வராதது!

1955ல் 'கணவனே கண் கண்ட தெய்வம்' வந்தது. அங்கிருந்துதான் அவர் பெயர் ஊரெல்லாம் பரவியது. அந்தக் காலத்தில் பி.லீலா, ஜிக்கி, எம்.எல்.வசந்தகுமாரி, ஜமுனாராணி என்று பெரிய பெரிய பாடகிகள் இருந்தார்கள். வரிசையாகக் கேட்கும்போது ஒன்று புரிந்தது. 1950களில் இவர் குரல் மற்றவர்களோடு ஒருத்தியாக நிற்கிறது. 1961ல் 'பாசமலர்', 'பாலும் பழமும்', 1962ல் 'ஆலயமணி', 1964ல் 'கர்ணன்' என்று வரும்போது இது சுசீலா என்று முதல் சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது. இடையில் ஏழெட்டு வருடம். தனித்தனியாகப் பாட்டு கேட்டால் இந்த வளர்ச்சி காதில் படாது. நமக்குப் பிடித்த பத்துப் பாட்டை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பதால், அவர் எப்போதுமே அப்படித்தான் பாடினார் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இந்த 1960களின் பெரும்பகுதி விஸ்வநாதன்-ராமமூர்த்தி இரட்டையர் காலம். அவர்கள் 1965ல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு பிரிந்தார்கள். 1968ல் தேசியத் திரைப்பட விருதுகளில் முதன்முதலாகப் பின்னணிப் பாடகிக்கு ஒரு விருது வைத்தார்கள். அந்த முதல் விருதே சுசீலாவுக்குத்தான். எம்.எஸ்.விஸ்வநாதன் இசையில் 'உயர்ந்த மனிதன்' படத்தில் வாலி எழுதிய பாட்டுக்கு. இந்தியாவிலேயே முதல்! அதற்குப் பிறகு 'சவாலே சமாளி' (1971), தெலுங்கில் 'சிரிசிரி முவ்வா' (1976), 'மேகசந்தேசம்' (1982), 'எம்.எல்.ஏ. ஏடுகொண்டலு' (1983) என்று மொத்தம் ஐந்து தேசிய விருதுகள். தமிழுக்கு இரண்டு, தெலுங்குக்கு மூன்று. 2008ல் பத்மபூஷண்.

அவரோடு சேர்ந்து பாடிய ஆண்களின் வரிசையைப் பார்த்தாலே தலைமுறை தலைமுறையாக நகர்வது தெரியும். முதலில் ஏ.எம்.ராஜா. பிறகு டி.எம்.சௌந்தரராஜன், பி.பி.ஸ்ரீநிவாஸ். 1969ல் 'அடிமைப்பெண்' படத்தில் எஸ்.பி.பாலசுப்ரமணியம், அப்போது அவர் புதுமுகம். 1976ல் 'பத்ரகாளி' படத்தில் இளையராஜா இசையில் கே.ஜே.யேசுதாஸ். 1993ல் 'புதிய முகம்' படத்தில் ஏ.ஆர்.ரகுமான் இசையில் ஒரு தனிப்பாட்டு. நாற்பது வருடத்தில் நாயகர்கள் மாறினார்கள், இசையமைப்பாளர்கள் மாறினார்கள், ஸ்டுடியோவே மாறிவிட்டது.

மைக்கும் தட்டும் செய்த வேலை

ஸ்டுடியோ மாறியது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1950களிலும் 60களிலும் ஒரு பாட்டுப் பதிவு என்றால், வாத்தியக்காரர்கள், கோரஸ், பாடகர், பாடகி எல்லோரும் ஒரே நேரத்தில் ஒன்றாக இருந்து முழுப் பாட்டையும் பாடி முடிக்க வேண்டும். கடைசிச் சரணத்தில் வயலின்காரர் ஒருவர் தப்பு செய்தால் முதலிலிருந்து எல்லோரும் திரும்பவும்! அதனால் ஒத்திகை நாள்கணக்கில் நடக்கும். பாட்டு மனப்பாடமான பிறகுதான் டேக். பழைய ஜோடிப்பாட்டுகளில் ஒருவர் முடிக்கிற இடத்தில் இன்னொருவர் வந்து சேர்கிற அந்த இயல்பு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடினார்கள்.

பிறகு தனித்தனி ட்ராக்கில் பதிவு செய்கிற முறை வந்தது. இசை ஒரு நாள், பாடகர் ஒரு நாள், பாடகி இன்னொரு நாள். வசதிதான், மறுக்க முடியாது. ஜோடிப்பாட்டின் ஜோடி ஒருவரை ஒருவர் பார்க்காமலே பாட்டு முடிந்துவிடும். 1961 ஜோடிப்பாட்டையும் 1980களின் கடைசியில் வந்த ஒன்றையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டுப் பாருங்கள், பதிவின் வித்தியாசம் காதுக்குத் தெரியும்.

பாட்டின் நீளத்தை முடிவு செய்ததும் ஒரு பொருள்தான். நிமிடத்துக்கு 78 தடவை சுற்றும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடத்துக்கு மேல் பிடிக்காது. அதனால் படத்தில் நான்கு சரணம் இருந்தாலும் தட்டில் இரண்டு, மூன்றுதான் இருக்கும். நீளமான பாட்டென்றால் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். இப்போது சொல்லுங்கள், படத்தில் வந்ததும் தட்டில் வந்ததும் ஒரே பாட்டா, இரண்டா? எண்ணுகிறவருக்கு இது தலைவலி.

யார் நினைவில் வைத்தார்கள்?

பட்டியல் இல்லாத காலத்தில் பெயர்களைக் காப்பாற்றியது இரண்டு பேர். ஒன்று சினிமாப் பாட்டுப் புத்தகம். தியேட்டர் வாசலில் சில்லறைக் காசுக்கு விற்பார்கள். கதைச் சுருக்கம் பாதியோடு நின்று, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடியும். மட்டமான காகிதம்தான், ஆனால் பாட்டு வரிகளும் எழுதியவர் பெயரும் அதில் தங்கின. சென்னையில் 1994ல் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இப்படிப்பட்ட பாட்டுப் புத்தகங்களைச் சேர்த்துப் பாதுகாக்கிறது. படங்களின் விவரங்களுக்கு ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். 2016ல் காலமான அவர், தன் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த தகவல்கள் 2004ல் 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' என்ற புத்தகமாக வந்தன. தனி மனிதர் ஒருவர் செய்த வேலை!

இரண்டாவது வானொலி. 1952ல் மத்திய அமைச்சர் பி.வி.கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டைக் கட்டுப்படுத்தினார். ஜனங்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். 1957 அக்டோபர் 3ல் விவித் பாரதி வந்த பிறகும் இலங்கை வானொலியின் மவுசு குறையவில்லை. அங்கே மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்கள் இருந்தார்கள். பாட்டுக்கு முன்னால் படம் எது, பாடியவர் யார், இசை யார் என்று அவர்கள் சொன்னதைக் கேட்டே நம் தாத்தா பாட்டிகள் வாத்தியக்காரர் பெயர் வரைக்கும் தெரிந்துவைத்திருந்தார்கள். புறப்பாட்டின் அடிக்குறிப்பு மாதிரி, இது வாயால் சொன்ன குறிப்பு.

பிறகு கேசட் வந்தது. ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர். நமக்குப் பிடித்த பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் வெறும் கேசட்டில் பதிந்து தருவார்கள். கேசட் அட்டையில் இடம் கொஞ்சம். அதனால் பாட்டின் முதல் சொல்லும் படத்தின் பெயரும் மட்டும் எழுதுவார்கள். ஆண்டு போனது, இசையமைப்பாளர் போனார். அடுத்தது எம்.பி.3 சிடி. ஒரே தட்டில் நூற்றைம்பது பாட்டு. கோப்புக்கு யார் என்ன பெயர் வைத்தார்களோ அதுதான் பெயர். இன்று கைபேசியில் எல்லாப் பாட்டும் இருக்கிறது. ஆனால் சுசீலா பாடியதற்கு ஜானகி பெயரும், ஜானகி பாடியதற்கு சுசீலா பெயரும் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சில இடங்களில் 1962 படத்துப் பாட்டுக்கு, அந்தத் தொகுப்பு மறுபடி வெளியான ஆண்டைப் போட்டிருப்பார்கள். வேறு யாரோ பின்னால் பாடியது பழைய படத்தின் படத்தோடு வரும். வசதி ஒவ்வொரு படி ஏறும்போதும் தகவல் ஒரு படி இறங்கியிருக்கிறது. இதுதான் இந்தச் சரித்திரத்தில் எனக்கு வருத்தம் தரும் இடம்.

இதில் அதிகம் இழந்தவர்கள் கோரஸ் பாடியவர்கள். எல்.ஆர்.ஈஸ்வரி கோரஸில் ஆரம்பித்தவர்தான். 1961ல் 'பாசமலர்' அவருக்குத் திருப்பம் தந்தது. அவர் முன்னுக்கு வந்ததால் அவர் பெயர் நமக்குத் தெரிகிறது. அவருக்குப் பக்கத்தில் நின்று பாடிய மற்றவர்கள்? இசைத்தட்டில் 'குழுவினர்' என்று ஒரே சொல். சுசீலாவின் 17,695ல் கோரஸோடு பாடியவை உண்டு என்றால், ஒவ்வொன்றிலும் பின்னால் எத்தனையோ குரல்கள் பெயரில்லாமல் நிற்கின்றன.

ஒரு மெட்டு, இரண்டு மொழி

மூன்று மொழி நண்பர்கள் உதவினார்கள் என்றேன் அல்லவா? 1955ல் வந்த 'மிஸ்ஸியம்மா' படத்துப் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஏ.எம்.ராஜாவும் சுசீலாவும் பாடிய ஜோடிப்பாட்டு ஓடும்போது, தெலுங்கு நண்பன் அதே மெட்டை வேறு வார்த்தைகளில் முணுமுணுத்தான். அவன் பாட்டி பாடுவாராம். அந்தப் படம் அதே ஆண்டு தெலுங்கில் 'மிஸ்ஸம்மா'. இசை இரண்டுக்கும் எஸ்.ராஜேஸ்வர ராவ். அதே ஜோடி இரண்டு மொழியிலும் அதே மெட்டில் பாடியிருக்கிறது. அவனுக்கு அது தெலுங்குப் பாட்டு, எங்களுக்குத் தமிழ்ப் பாட்டு. இத்தனை நாள் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தும் இருவருக்கும் ஒரே பாட்டு என்று தெரியாது!

இதை ஒன்றாக எண்ணுவதா, இரண்டாகவா? மெட்டு ஒன்று என்று பார்த்தால் ஒன்று. மைக் முன்னால் இரண்டு முறை நின்று, இரண்டு மொழியின் சொல்லை நாக்கில் வைத்துப் பாடினார் என்று பார்த்தால் இரண்டு. நான் இரண்டு என்றுதான் சொல்வேன். கன்னட நண்பனோ, பி.பி.ஸ்ரீநிவாஸும் சுசீலாவும் ராஜ்குமார் படங்களில் பாடியதை விட்டுவிட்டு என்ன வரிசை இது என்று சண்டைக்கு வந்தான். அவன் சொல்வது நியாயம். மலையாளத்தில் 1960ல் 'சீதா' படத்தில் தட்சிணாமூர்த்தி இசையில் அவர் பாடிய தாலாட்டுதான் அங்கே ஆரம்பம். மறு வருடம் தமிழில் 'பாசமலர்' தாலாட்டு. இரண்டு மொழியில், ஒரே குரலைக் கேட்டு வளர்ந்த குழந்தைகள் இருக்கிறார்கள். தமிழ்ப் பட்டியலை மட்டும் பார்த்தால் பாதி சுசீலாதான் தெரிவார்.

கச்சேரிக்குப் போகும் முன்

இவ்வளவும் கேட்டுவிட்டுக் கச்சேரிக்குப் போனால் என்ன லாபம் என்று கேட்கலாம். மேடையில் பாடும் பெண் 1961ஆம் ஆண்டுப் பாட்டை எடுக்கும்போது, அது எந்தக் கட்டுப்பாட்டில், எத்தனை பேர் ஒன்றாக நின்று பதிவான பாட்டு என்பது நமக்குத் தெரியும். கீபோர்டு ஒருவர், தபேலா ஒருவர், பேட் ஒருவர் என்று நாலைந்து பேர் சேர்ந்து ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ரா வாசித்ததை எட்டிப்பிடிக்க என்ன பாடுபடுகிறார்கள் என்பதும் தெரியும். அந்தப் பெண்ணுக்குக் கைதட்டல் கொஞ்சம் அதிகமாகவே போடத் தோன்றும்.

ஆனால் அதைவிட முக்கியம் ஒன்று இருக்கிறது. பாடகருக்கு மரியாதை செய்வதாக நினைத்து நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று எண்ணை ஊதிக்கொண்டே போகிறோம். ஐம்பது வருடம் ஒருநாள் விடாமல் பாடினாலும் நாற்பதாயிரத்துக்குத் தினம் இரண்டு பாட்டுக்கு மேல் வேண்டும். போட்டுப் பார்த்தால் யாருக்கும் புரியும் கணக்கு இது. ஊதிய எண் பெரிதாகத் தெரியும், ஆனால் அதற்குள் எந்தப் பாட்டும் இருக்காது. 17,695 என்ற எண்ணுக்குள் பாட்டுகள் இருக்கின்றன. ஔவையாரின் 59க்குள்ளும் பாட்டுகள் இருக்கின்றன. 59 சின்ன எண் என்று அவரை யாராவது குறைத்துச் சொன்னதுண்டா?

ஆகவே நண்பர்களே, ஒரு சின்ன வேண்டுகோள். உங்களுக்குப் பிடித்த பழைய பாடகர் யாராக இருந்தாலும் சரி, ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு, படம், ஆண்டு, இசை, எழுதியவர், உடன் பாடியவர் என்று ஆறு கட்டம் போடுங்கள். ஏழாவதாக ஒரு கட்டம்: இந்தத் தகவல் எங்கிருந்து கிடைத்தது. இசைத்தட்டு, பாட்டுப் புத்தகம், படத்தின் டைட்டில், இல்லை பாட்டி சொன்னது. எதுவானாலும் எழுதுங்கள். தெரியாத கட்டத்தைக் காலியாக விடுங்கள், இட்டு நிரப்ப வேண்டாம். புறநானூற்றின் 267ஆம் இடம் காலியாக இருப்பதும் ஒரு செய்திதான். வீட்டில் இலங்கை வானொலி கேட்ட பெரியவர்கள் இருந்தால் இந்த விடுமுறையிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் தலைக்குள் இருக்கும் பட்டியல் வேறு எங்கும் அச்சாகவில்லை.